ஊரில் இல்லாதவர்களின் பட்டியல்

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், மெட்ரோ ரயில் நம் காஞ்சிபுரம் வரை வர வேண்டும் என்று நீங்கள் திரையில் போட்டுக் காட்டிய வரைபடத்தை நானும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அழகாக இருந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்கு வட்டம் எத்தனை நிமிஷம் என்று பக்கத்தில் எழுத்து. கூட்டம் முடிந்து காபி கொடுக்கும்போது உங்களில் ஒருவர் என்னிடம், "சார், உங்க டைம்ல எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு எப்படி ஃபைட் பண்ணீங்க? எங்களுக்கு ஏதாவது டிப்ஸ் குடுங்களேன்" என்று கேட்டார். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது தெரிந்த பழைய ஆட்கள் அதற்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் என் கையை யாரும் பிடிக்க முடியாது.

மனு எழுதுவது எப்படி, யார் யாருக்கு நகல் போடுவது, யாரை எப்போது போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் சங்கத்தின் பழைய கோப்புகளில் இருக்கிறது. பூச்சி அரித்தது போக மிச்சத்தைப் படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது கோப்பில் இல்லாத விஷயம். நான் செய்த இரண்டு தவறுகள். ஒன்றை ஊரே சொல்லிச் சிரித்தது. இன்னொன்றைத் தவறு என்று யாருமே சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில் செங்கல்பட்டோடு நின்றுவிடும். நமக்கென்று இருந்தது காலையில் ஒரு பாசஞ்சர், சாயங்காலம் ஒரு பாசஞ்சர். அந்தக் காலை வண்டியை நம்பினால் ஆபீஸில் வருகைப் பதிவேட்டை மேலே அனுப்பிய பிறகுதான் போய்ச் சேர முடியும். ஆகவே என்னைப் போன்றவர்கள் இருட்டோடு எழுந்து, பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கே ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனோம். பயணிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். சம்பளம் இல்லாத வேலை. ஆனால் சம்பளம் வாங்கிச் செய்த வேலையில் என்ன செய்தேன் என்று இன்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. இதுதான் வருகிறது. அந்த விடியற்காலை பஸ்ஸும், அதில் தோளில் சாய்ந்து தூங்கிய மனிதர்களும் வேண்டும் என்று மனசு கேட்கிறது. அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

எங்கள் செயற்குழுவில் இருந்த ஒரே பெண், ஊருக்கு மேற்கே உள்ள முசரவாக்கத்துக்காரர். தாம்பரம் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எப்படியும் நாங்கள் எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டோம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். இந்த வேலையில் எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அவரிடம் கற்றுக்கொண்டதுதான். அவருடைய கணவர் வீட்டிலேயே ஒரு முதலாளிக்குக் கூலிக்குத் தறி நெய்தார். ஒரே பெண் குழந்தை, அப்போது ஏழு வயது. சிஸ்டருக்குக் காலை ஏழு மணிக்கு டியூட்டி. முசரவாக்கத்திலிருந்து கிளம்பி ஏழு மணிக்குத் தாம்பரத்தில் நிற்க அன்று எந்த வண்டியும் கிடையாது. அதனால் வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் தங்குவார். லீவு கிடைக்கிற ஒரு நாள் வீட்டுக்கு வருவார்.

சங்கத்தில் சேர்ந்த அன்றே தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டார். "எனக்கு உக்கார சீட்டு வேணாம் சார், ஃபேன் வேணாம். விடியக்காலைல ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. பொண்ணு தூங்கறதுக்குள்ள நான் வூட்டுக்கு வந்துட்டா போதும்."

அதற்கு முன் நான் எழுதிக் குவித்த மனுக்களில் தொழில் வளர்ச்சி இருந்தது, ஆன்மிகச் சுற்றுலா இருந்தது, பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கை பத்திக்குப் பத்தி இருந்தது. இந்த ஒரு வரி எதிலும் இல்லை.

ஒருவழியாக ரயில்வேயிலிருந்து பதில் வந்தது. மின்சார ரயிலை நம் ஊர் வரை நீட்ட வேண்டுமானால் கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஓர் அதிகாரி வந்து காலை பாசஞ்சரில் ஏறுகிறவர்களை எண்ணுவார், இன்ன வாரத்தில் எந்த நாள் வரலாம் என்று சங்கம் தெரிவிக்கவும். கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் கேட்கவில்லை. அன்றே பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அமாவாசையன்று வரச் சொன்னேன்.

ஏன் அமாவாசை? எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயிலை ஒட்டிய தெரு. அப்பா கோயிலில் பாராயணம் பண்ணியவர். பெண் பார்க்கப் போவதிலிருந்து பல் பிடுங்கப் போவது வரை பஞ்சாங்கம் பார்க்கிற குடும்பம். அமாவாசை என்றால் எனக்கு நிறைந்த நாள். அன்று கோயில்களுக்கு வெளியூர்க் கூட்டமும் வரும். இன்னொரு காரணம் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. தர்ப்பணத்துக்காக எப்படியும் அன்று அரைநாள் லீவு போடுவேன். ஒரே லீவில் இரண்டு வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அந்த அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால்தான் சிஸ்டர் லீவில் ஊருக்கு வந்தார். ஓர் அச்சகத்தின் பின்னறையில் நாங்கள் கூடுவோம். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன்.

"என்னிக்கு வராரு சார்?"

"அமாவாசையன்னிக்கு. நிறைஞ்ச நாளாப் பார்த்து எழுதிட்டேன்மா."

சிஸ்டர் என்னையே பார்த்தார். "சார், அமாவாசைக்குத் தறி நிக்குமே!"

அமாவாசையன்று நம் ஊரில் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் பட்டு நூல் வாங்கப் போகிறவர்கள் இல்லை, ஜரிகைக்காரர்கள் இல்லை, புடவை மூட்டையோடு வண்டி ஏறுகிற வியாபாரிகள் இல்லை, வாலாஜாபாத் பக்கத்திலிருந்து தறி வேலைக்கு வந்து போகிறவர்களும் இல்லை. நம் ஸ்டேஷனில் இருக்கிற கூட்டமே அவர்கள்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் என் தெருவில் தறிச் சத்தம் கிடையாது. அது நின்றாலும் எனக்குக் கேட்காது.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். எங்களுக்கே தறிக்கு அமாவாசை உண்டு" என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

சங்கத் தலைவர் புடவைக் கடைக்காரர், நல்ல மனிதர், எதற்கும் அசராதவர். "இதுக்குப் போயி ஏன் சார் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? நம்ம கடை ஆளுங்க, கல்யாண மண்டபத்து ஆளுங்க, ஒரு எரநூறு பேரைக் கூட்டிக்கினு வந்து பிளாட்பாரத்துல நிறுத்திடறேன். எல்லார் கையிலயும் டிக்கெட்டு இருக்கும். அப்புறம் என்ன?" என்றார்.

எனக்கு அது சரியென்றே பட்டது. நாளை மாற்றி எழுதினால், சங்கமே தயாராக இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். இன்னொரு கடிதம் வர இன்னும் எத்தனை வருஷமோ. நான் தலையாட்டப் போனேன். சிஸ்டர் தடுத்தார்.

"வேணாம் சார். இருக்கறதை இல்லைன்னும், இல்லாததை இருக்குதுன்னும் காட்றதை நான் ஆஸ்பத்திரியில நெறைய பாத்துக்கினு இருக்கேன். வர்றவரு ஒரே ஒரு ஆளை நிறுத்தி, எந்த ஊருக்குப்பா போறேன்னு கேட்டா என்ன சொல்லுவான்? அவ்ளோதான், நாம கேட்டது எல்லாம் பொய்யாயிடும். நெசமா போறவங்க பத்து பேரு நின்னாலும் போதும் சார்."

தலைவரிடம் வேண்டாம் என்று சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பயத்தால் சொன்னேன்.

அமாவாசையன்று காலை அதிகாரி வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கையில் ஓர் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். பிளாட்பாரத்தில் அங்கொருவர் இங்கொருவராக நின்றார்கள். கோயிலுக்கு வந்த கூட்டம் எல்லாம் எதிர்த்திசையில் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி எண்ணவே வேண்டியிருக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது. எண்ணிக்கைக்குப் பக்கத்தில் யார், எங்கே, மாதத்தில் எத்தனை தடவை என்று மூன்று கட்டம் வைத்திருந்தார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். இடுப்பில் துண்டு கட்டாத குறை.

பெஞ்சில் சிஸ்டரின் கணவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், இரட்டைச் சடை, மடியில் டிபன் கேரியர். அவர்களை அங்கே பார்த்தது எனக்கே ஆச்சரியம்.

"எங்க போறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"தாம்பரம் சார்."

"மாசத்துக்கு எத்தனை தடவை?"

"ஒரு வாட்டிதான் சார். அமாவாசைக்கு அமாவாசை."

அதிகாரி மூன்றாவது கட்டத்தில் 'எப்போதாவது' என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. தறி விடுமுறை, பட்டுத் தொழில், சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று ஒரு பெரிய பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சிஸ்டரின் கணவர் தானாகவே பேசினார்.

"நான் எப்பவாவது போறவன்தான் சார். தினம் போக வேண்டியவ இவ அம்மா. அவ இங்க இல்லையே, எப்படி எண்ணுவீங்க? ஏழு மணி டியூட்டிக்குப் போக வண்டி இல்லாம அங்கயே தங்கிக்கினு கீறா. தறி நிக்கற அன்னிக்கு நான் புள்ளைய இட்டுக்கினு போயி காட்டிட்டு வரேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் பொதுவாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். நான் குறுக்கே பேசியிருந்தால் அந்தப் பேச்சு என் பேச்சாகி, அதிகாரி கேட்காமல் நகர்ந்திருப்பார்.

அதிகாரி அந்தக் குழந்தையைப் பார்த்தார், டிபன் கேரியரைப் பார்த்தார். பேனாவை மூடினார். அடுத்த பெஞ்சில் இருந்தவரிடம் போய், மாதம் எத்தனை தடவை என்று கேட்காமல், "யாரைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டார். அவர் மகனுக்குக் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை, அங்கேயே அறை எடுத்திருக்கிறான். இன்னொரு அம்மா மருமகளைப் பார்க்கப் போகிறார். திருப்புட்குழியிலிருந்து வந்த ஒருவர் அண்ணனுக்கு அரிசி எடுத்துப் போகிறார். தறி நின்ற நாளில்தான் வெளியே தங்கியவர்களைப் பார்க்க வீட்டு ஆட்கள் கிளம்புகிறார்கள் என்பது இத்தனை வருஷம் செயலாளராக இருந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வண்டி கிளம்பும் முன் அதிகாரி என்னிடம் கேட்டார். "இப்படி வெளியில தங்கியிருக்கறவங்க எத்தனை பேர்னு யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்லை சார்."

"எழுதுங்க. வண்டியில ஏறினவங்களை நான் எண்ணிடலாம். ஏறாதவங்களை நீங்கதான் எண்ணணும்."

ஊர் என்னை அமாவாசை செயலாளர் என்று கூப்பிட்டுச் சிரித்தது. சிரிக்கட்டும். இனி இரண்டாவது தவறு.

பட்டியல் எடுக்கும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். டவுனும் வாலாஜாபாத்தும் எங்களுக்கு. மேற்கே முசரவாக்கம், திருப்புட்குழி, சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் சிஸ்டருக்கு. வீடு வீடாகப் போய், இந்த வீட்டில் யார் வெளியே தங்கியிருக்கிறார்கள், எங்கே, எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் போய்க் கேட்டால் ரேஷன் கார்டில் பெயரை அடிக்க வந்திருக்கிறான் என்று சந்தேகப்படுவார்கள். சிஸ்டர் போனால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முட்டிவலிக்கு மருந்தும் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் இருபது பெயர் சேர்வதற்குள் அவர் நோட்டில் நூறு பெயர் இருக்கும். நான் எல்லோரிடமும் அவரைப் புகழ்ந்தேன்.

எந்த நாளில் அவர் இதைச் செய்தார் என்று நான் யோசிக்கவில்லை. வாரத்தில் அவருக்கு இருந்தது ஒரே நாள்.

ஒரு சாயங்காலம் நோட்டை வாங்கிப் போக முசரவாக்கம் போனேன். சிஸ்டர் இன்னும் திரும்பவில்லை. தறியில் இருந்த கணவர், "குந்துங்க சார், வந்துடுவா" என்றார். மகள் தரையில் படுத்துக்கொண்டு ஒரு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் பட்டியல் நோட்டு. பெயர், ஊர், நேரம் என்று கட்டம் பிரித்து வைத்தால் அம்மாவுக்கு எழுதுவது சுலபம் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

"இன்னும் நாலு பக்கம்தான் சார் இருக்குது. நோட்டு முடிஞ்சிட்டா அம்மா லீவுக்கு வூட்டுலயே இருக்கும் இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, முடிஞ்சிடும்" என்றேன்.

என் பையில் புது நோட்டு ஒன்று இருந்தது. சிஸ்டர் வந்ததும் பழையதை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தேன். குழந்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து முதல் பக்கத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தாள். நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்தக் காபி இன்றும் எனக்குக் கசக்கிறது.

அவரை ஒரு மாதத்தில் விடுவித்திருக்கலாம். வேறு பெண்களைத் தேடியிருக்கலாம், என் மனைவியை அனுப்பியிருக்கலாம், நானே அலைந்து திட்டு வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. நன்றாகச் செய்கிறவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டுவது நம் சங்கத்தின் பழக்கம், நீங்களும் இப்போது அதையே செய்கிறீர்கள். உங்கள் மெட்ரோ குழுவில் ஒரு பெண் எல்லாச் சனிக்கிழமையும் கையெழுத்து வாங்க அலைகிறாள் என்று கேள்விப்பட்டேன். எதற்காக அவளுக்கு இந்த ரயில் வேண்டும் என்று கேட்டீர்களா? கேளுங்கள். அவள் எந்த நேரத்துக்காக ஏங்குகிறாளோ அந்த நேரத்தையே நீங்கள் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

பட்டியல் ரயில்வேக்குப் போயிற்று. அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அதிகாரி மாற்றலாகிப் போனார், கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது, நாங்கள் போய்ப் போய் நின்றோம். வருஷங்கள் ஓடின. ஒரு நாள் மின்சார ரயில் நம் ஸ்டேஷனுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டு வந்தே விட்டது. என்ஜினுக்கு மாலை, மேளம், கேசரிப் பொட்டலம். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அன்று சிஸ்டருக்கு டியூட்டி. விழாவுக்கு வரவில்லை. சாயங்கால வண்டியில் வீட்டுக்கு வந்தார். ஏழு வயதில் கோடு போட்ட குழந்தை அப்போது பத்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள்.

சில நாள் கழித்து விடியற்காலை வண்டியில் சிஸ்டர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எப்படிம்மா இருக்கு, தினம் வீட்டுக்குப் போறது, என்று உற்சாகமாகக் கேட்டேன். வாலாஜாபாத் தாண்டிய பிறகுதான் சொன்னார்.

"வூட்டுல எப்பவும் ரெண்டு தட்டுதான் சார் புழங்கும். அவருது ஒண்ணு, பொண்ணுது ஒண்ணு. நான் போனா, விருந்தாளி வந்தா எடுப்பாங்க இல்ல, பரண் மேல இருக்குமே, அந்தத் தட்டை எறக்கிக் கழுவி எனக்குப் போடுவாங்க. இத்தினி வருசமா அது எனக்குத் தோணவே இல்ல சார். வாரத்துக்கு ஒரு நாள்தானே. இப்ப தினம் வரேன். முதல் நாளும் பொண்ணு பரண்ல இருந்து எறக்குனா. ரெண்டாம் நாளும் எறக்குனா. சாப்ட்டதும் கழுவி மறுபடியும் மேலயே வச்சிட்டா. வேணும்னு செய்யல சார், பாவம், பழக்கம். நான் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து போனேன். புதுத் தட்டு இருந்துது. பொண்ணே கடைக்குப் போயி வாங்கிக்கினு வந்திருக்குது. பாத்திரக் கடையில பேரு வெட்டித் தருவாங்க இல்ல சார், திருப்பிப் பாத்தேன். என் பேரு இல்ல. அம்மான்னு வெட்டிக்கினு வந்திருந்துது."

சிஸ்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல சோறு போட மனசே வரல சார். பொண்ணு பக்கத்துலயே நின்னுக்கினு இருந்துது. அப்புறம் சாப்ட்டேன்."